கிளாக்கரய்யாவின் ஜன்னல்

வேலை பிடித்திருக்கிறதா என்று இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

மூன்று பெரிய துரைமாரின் கீழ் வேலை பார்த்திருக்கிறேன். ஒருவர் என் கையெழுத்தைப் பாராட்டினார். இன்னொருவர் நடக்கும்போது என் சப்பாத்து கிறீச்சிடுகிறது என்று குறைப்பட்டார். மூன்றாமவர் என் பெயர் வேலுப்பிள்ளை என்றே கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தார். பிரியாவிடையன்று வேலுப்பிள்ளையின் விசுவாசத்தைப் பற்றி நெகிழ்ந்து பேசினார், நானும் நெகிழ்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது இந்தத் தேயிலைத் தோட்டத்தை அரசாங்கம் எடுத்த பிறகு, நீங்கள் கொழும்பிலிருந்து ரயில் ஏறி, பதுளையில் இறங்கி, பஸ்ஸில் அத்தனை வளைவுக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து, "மிஸ்டர் வீரசிங்கம், உங்கள் வேலையில் உங்களுக்குத் திருப்தி உண்டா, மன அழுத்தம் உண்டா?" என்று கேட்கிறீர்கள். தம்பி, அதனால்தான் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.

திருப்தி உண்டு. அழுத்தம் இல்லை. இவ்வளவோடு நீங்கள் எழுந்து போகலாம். ஆனால் போகமாட்டீர்கள், ஏனென்றால் உங்களை இங்கே வரவழைத்தவர் ஜௌபர்.

ஜௌபர் என் இரண்டாம் கிளாக்கராக இருந்தவர். பதுளை பஜாரில் அவர் வாப்பா இப்றாஹீமுக்கு ஒரு பலசரக்குக் கடை. நல்ல பையன், கூட்டல் பிழைக்காது, சிரித்த முகம். போன வருடம் திடீரென்று வேலையை விட்டார். தூக்கம் வருவதில்லை, சோறு இறங்குவதில்லை, இந்த ஆபீஸை நினைத்தாலே நெஞ்சு படபடக்கிறது என்று பதுளையில் டாக்டரிடம் சொல்லியிருக்கிறார். டாக்டர் அதற்கு வேலை அழுத்தம் என்று பெயர் வைத்தார். பெயர் வைத்துவிட்டால் மேலிடத்தில் உடனே ஒரு கமிட்டி உண்டாகிவிடும். தோட்டத்து ஆபீஸ்களில் வேலை செய்கிறவர்களுக்கு அழுத்தம் இருக்கிறதாம், அதை அளந்து வரவேண்டுமாம். கொழுந்து அளக்கிற மாதிரி.

ஜௌபரின் தூக்கம் எப்படிப் போனது என்று நான் சொல்கிறேன். என் தூக்கத்துக்கு ஒரு குறையும் இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டும் ஒரே விஷயத்தால்தான்.

இந்த ஜன்னலைப் பாருங்கள். வெள்ளைக்காரத் துரை ஒருவர் கட்டிய ஆபீஸ் இது. உள்ளே தரையை உயர்த்திக் கட்டி, ஜன்னலைச் சின்னதாக வைத்திருக்கிறார். உட்கார்ந்திருக்கிற கிளாக்கரின் கண், வெளியே நிற்கிறவரின் தலைக்கு மேலே இருக்கும். வெளியே நிற்கிறவர் அண்ணாந்து பார்க்கவேண்டும். கட்டிடக் கலையில் இது சாதாரண வித்தை இல்லை. தோட்டத்து ஆட்கள் ஆபீஸுக்குள் வரக்கூடாது. மழையானாலும் அந்தப் பக்கம்தான். தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, முழங்கையை மட்டும் ஜன்னல் பலகையில் வைத்துப் பேசலாம். எத்தனை முழங்கைகள் பட்டதோ, பலகை மெருகேறியிருக்கிறது பாருங்கள். நம் ஆபீஸில் பளபளப்பாக இருக்கிற ஒரே சாமான் அதுதான்.

அந்த மாதிரி ஒரு ஜன்னலுக்கு வெளியே நானும் நின்றிருக்கிறேன். என் அப்பா ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி பிடித்தவர். அவர் ஏதாவது கேட்கப் போகும்போது என்னையும் கூட்டிப்போவார், பிள்ளையைப் பார்த்தால் இரக்கம் வரும் என்று. உள்ளே இருந்தவர் தலை நிமிராமல் "நாளைக்கு" என்பார். திரும்பி வருகிற வழியில் அப்பா என்னிடம், "படிச்சு அந்தப் பக்கம் போயிருடா" என்றார். படித்தேன், அந்தப் பக்கம் வந்துவிட்டேன். அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு நாற்காலிதான் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது.

அதைத்தான் நீங்கள் எழுதிக்கொள்ளவேண்டும், எழுதுவதென்றால். ஆட்கள் குடியிருக்கிற லயத்துக்கு நான் இறங்கிப் போனால் எழுந்து நிற்பார்கள். பேச்சு நின்றுவிடும். அடுப்பில் எதையோ மூடி வைப்பார்கள். நான் போகும்வரை நாய்கூடக் குரைக்காது. சரி, ஸ்டாப் ஆட்களோடு, மற்ற உத்தியோகத்தரோடு, சேரலாம் என்றால், பாக்டரி டீமேக்கரய்யா வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சீட்டாட்டம் நடக்கும். அவர் நல்ல குடும்பத்துக்காரர். அதை அவரே சொல்வார். என்னை இரண்டொரு தரம் கூப்பிட்டார். எனக்கு மட்டும் தேத்தண்ணி தனிக் கிளாஸில் வந்தது. கிளாஸ் கழுவியிருந்தது, குறை சொல்லக்கூடாது. பிறகு நான் போகவில்லை, அவரும் கேட்கவில்லை. கல்யாணம் என்று எடுத்தால், லயத்தில் பெண் கொடுக்கிறவர்களை நான் பார்க்கமுடியாது, ஸ்டாப்பில் இருக்கிறவர்கள் எனக்குக் கொடுக்கமாட்டார்கள். ஆகவே நான் ஒரு மரியாதையான இடத்தில் இருந்தேன். கோட்டும் இருந்தது. மேசையில் ஒரு மணியும் இருக்கிறது, தட்டினால் பியோன் வருவதற்காக. பியோன் வேலையை நிறுத்தி வெகுகாலமாகிறது. மணியை நான் இன்னும் துடைத்து வைக்கிறேன். சிலசமயம் தட்டியும் பார்ப்பேன்.

மனிதர் என்னைத் தேடி வருகிற ஒரே இடம் இந்த ஜன்னல். காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டு முடிந்து, தப்பு மேளச் சத்தம் அடங்கி, ஆட்கள் மலைக்குப் போனபிறகு ஒவ்வொருவராக வருவார்கள். கணக்கில் பேர் விழவில்லை, கம்பளி கிடைக்கவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போகத் துண்டுச் சீட்டு வேண்டும். நான் கேட்பேன், எழுதுவேன், கொடுப்பேன். அவர்கள் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஆரம்பத்தில் நான் மிகவும் கெட்டிக்காரக் கிளாக்கராக இருந்தேன். வந்த காரியத்தை வந்த கையோடு முடித்துக் கொடுத்தேன். அதன் பலன், பத்து மணிக்குமேல் ஜன்னலில் காற்றுத்தான் வரும்.

வேலையை முடித்துக் கொடுத்தால் ஆள் போய்விடும் என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு நெடுங்காலம் பிடித்தது. கண்டுபிடித்த பிறகு சுலபமாக இருந்தது. "நாளைக்கு வா" என்று சொன்னால் போதும், மறுநாள் ஆள் வரும். எல்லா ஆபீஸிலும் சொல்கிற வார்த்தைதான். மற்ற ஆபீஸ்களில் சோம்பலால் சொல்வதை நான் பிரியத்தால் சொன்னேன். இந்த வித்தியாசத்தை உங்கள் கமிட்டிக்கு விளங்கும்படி எழுதுங்கள்.

சின்னச் சின்னக் காரியங்களில்தான் அப்படிச் செய்தேன். கம்பளிக்கு இரண்டு தரம் வரவைப்பேன். கொஞ்சம் பேச்சுக் கொடுப்பேன், மழை எப்படி, மாடு கன்று போட்டதா என்று. பெரும்பாலானவர்கள் ஆமாங்க, இல்லைங்க என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அவர்களுக்குப் பேச வராது. அங்கம்மாவுக்கு வந்தது.

அது போன வருடம், அந்தத் தட்டுப்பாட்டு வருடம். உங்களுக்கு ஞாபகமிருக்கும், கொழும்பில் பாண் ரொட்டிக்கு வரிசை நின்றதாகப் பேப்பரில் போட்டிருந்தான். இங்கே வரிசை நிற்பதற்குப் பாணே இல்லை. அரிசியை ஊர்விட்டு ஊர் கொண்டுபோகவிடாமல் ரோட்டில் பொலிஸ் மறித்துப் பார்த்தது. கடையில் மாவு கிடையாது. தோட்டத்தில் கூப்பனுக்குக் கொடுக்கிற அரிசியும் மாவும்தான் சீவன். கூப்பன் இல்லாதவர் மலையில் கிடைக்கிற கீரையைத் தின்னவேண்டும். அதையும் எல்லாரும் தின்றதால் கீரைக்கும் தட்டுப்பாடு.

மேமலையில் கவ்வாத்துத் தொடங்கிய வாரம் அங்கம்மா வந்தாள். கறுப்பு, மெலிவு, முன்பல் ஒன்று கொஞ்சம் சாய்ந்திருக்கும். இடுப்பில் ஒரு பெண்பிள்ளை, நடக்கிற வயதுதான், ஆனாலும் இடுப்பில் இருந்தது.

"கீழ் டிவிசன் தம்பையா தங்கச்சிங்க. பசறப் பக்கம் கட்டிக் குடுத்துச்சுங்க. அவுக போய்ட்டாக. எங்க ரெண்டு பேரு கூப்பனையும் இங்கிட்டு மாத்தித் தரணுங்க அய்யா."

"புருசன் எப்படிப் போனான்?"

"மரம் வெட்டையில விழுந்துருச்சுங்க. எல்லாரும் ஒரு பக்கமா ஓடிருக்காக. அவுக மட்டும் மறுபக்கம். எப்பவுமே அப்புடித்தாங்க, சொன்னா கேக்க மாட்டாக."

நான் சிரித்துவிட்டேன். ஆபீஸில் நான் சிரித்தது ஜௌபருக்கே அதிசயமாக இருந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தார். அவளும் லேசாகச் சிரித்தாள். கூப்பன் இரண்டையும் வாங்கிப் பார்த்தேன். பழைய தோட்டத்துக் கையெழுத்து இருந்தது, எல்லாம் சரியாக இருந்தது. நம் ஆபீஸ் சீல் வைத்தால் முடிந்தது. மையில் ஒரு தொடு, தாளில் ஒரு தட்டு. அந்த வெள்ளிக்கிழமையே அரிசி போட்டிருப்பார்கள்.

"நாளைக்கு வா" என்றேன்.

"சரிங்க" என்றவள், போகத் திரும்பி, மறுபடி அண்ணாந்து, "அய்யா சாப்டாச்சுங்களா?" என்று கேட்டாள்.

இது எங்கும் கேட்கிற கேள்விதான். பேச்சை முடிக்கத் தெரியாதவர்கள் கேட்பது. ஆனால் அதை யாரிடமிருந்து கடைசியாகக் கேட்டேன் என்று நான் யோசித்துப் பார்த்தேன். அன்று முழுக்க யோசித்தேன். விடை கிடைக்கவில்லை.

அப்படித்தான் தொடங்கியது. தினமும் பெரட்டுக்குப் பிறகு வருவாள். பிள்ளையை இறக்கிவிட்டு, முழங்கையைப் பலகையில் வைத்து, முதலில் அந்தக் கேள்வி. நான் மறைக்காமல் பதில் சொல்வேன். சோறும் கருவாட்டுக் குழம்பும் என்றால், "கருவாட்டுக்குக் கத்திரிக்கா போட்டீங்களா? போடலையா? அப்ப அது என்னாத்துக்குங்க ஆகும்" என்பாள். மறுநாள் பதுளையிலிருந்து கத்திரிக்காய் வரவழைத்துப் போட்டுப் பார்த்தேன். சொன்னது சரி. போய்ச் சொன்னேன். எண்ணெய் எப்போது தெளிந்து மேலே வந்தது, புளி எவ்வளவு, எல்லாம் விவரமாகக் கேட்டாள். நான் சொல்லச் சொல்ல, அவள் தொண்டை ஏறி இறங்கும். என் சமையலை இவ்வளவு ரசித்துக் கேட்ட ஒருவர் உலகத்தில் கிடையாது. பிள்ளை, அதற்கு இராக்கம்மா என்று பெயர், அது ஒருநாள் கீழேயிருந்து, "அம்மா, அய்யா நெசமாவே தின்னாரா?" என்று கேட்டது. "ஆமாடி, வாயப் பொத்து" என்று அங்கம்மா அதன் தலையைத் தடவினாள்.

வேறு கதைகளும் சொல்வாள். பசறைத் தோட்டத்தில் ஒரு துரை செத்தும் போகாமல் குதிரையில் சுற்றுகிறாராம். ஆட்கள் சம்பளம் கூட்டிக் கேட்டதும் அந்தப் பேய் ஓடிவிட்டதாம். தம்பையாவின் பெண்சாதி கோபம் வந்தால் சட்டியோடு பேசுவாளாம், சட்டியும் பதில் சொல்லுமாம். எனக்கு நாள் போவதே தெரியவில்லை. காலையில் ஆபீஸைத் திறக்கும்போது ஒரு சுறுசுறுப்பு. நீங்கள் இதற்குத்தான் வேலைத் திருப்தி என்று பெயர் வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

கடைசியில், கூப்பன் விஷயம் என்னாச்சுங்க என்பாள். அதற்கு ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் வேண்டுமல்லவா. மை காய்ந்துவிட்டது என்றேன். பழைய தோட்டத்துக் கையெழுத்து ஒரு மாதிரி இருக்கிறது, விசாரிக்கவேண்டும் என்றேன். துரை பார்க்கவேண்டும் என்றேன். அமாவாசையன்று சீல் வைத்தால் உருப்படாது என்றுகூடச் சொன்னேன். அதை அவள் நம்பி, "ஆமாங்க, அதுவும் சரித்தான்" என்றாள். அவள் நம்பாமலும் இருந்திருக்கலாம். ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. தோட்டத்தில் இதுதான் வழக்கம், கிளாக்கரய்யாவைக் கோபித்துக்கொண்டால் காரியம் கெட்டுவிடும் என்று பிறந்த பிள்ளைக்கும் தெரியும். முகம் கோணாமல் நின்றால் ஒருநாள் கிடைக்கும். நாளைக்கு என்றால் நாளைக்கு வரவேண்டும், ஒருநாள் தவறினால் முதலிலிருந்து தொடங்கவேண்டும். அவள் ஒருநாளும் தவறவில்லை.

ஜௌபருக்கு இது பிடிக்கவில்லை.

"அந்தப் பொம்புளட வேலைய முடிச்சிக் குடுத்தா என்ன ஐயா? ஒரு சீல்தானே."

"முறை என்று ஒன்று இருக்கிறது ஜௌபர்."

"அவ தங்கட ஊட்டுப் பசியில வந்து நிக்கிறா. நீங்க அவள்ட்ட கருவாட்டுக் கத சொல்லிக்கிட்டு இருக்கீங்க."

"அவள்தான் கேட்கிறாள். சிரித்துச் சிரித்துக் கேட்கிறாள், நீர் பார்க்கவில்லையா?"

"அவ சிரிக்கிறது ஒங்களுக்கில்ல ஐயா. மேச லாச்சிக்குள்ள இரிக்கிற சீலுக்கு."

சின்ன வயது. கூடப்பிறந்தவர்கள் ஏழெட்டுப் பேர், வீட்டில் எப்போதும் இரைச்சல். மனிதர்கள் எதற்காகப் பேசுகிறார்கள் என்பது அப்படிப்பட்டவர்களுக்கு எங்கே தெரியும். நான் மன்னித்துவிட்டேன். ஆனால் அன்றிலிருந்து லாச்சிச் சாவியை அரைஞாணில் கோத்துக்கொண்டேன்.

ஜௌபர் துரையிடமும் போய்ச் சொல்லிப் பார்த்தார். துரை பைப்பை வாயிலிருந்து எடுக்காமலே, அது பெரிய கிளாக்கரின் காரியம் என்றாராம். அந்தத் துரையிடம் எனக்கு மிகவும் பிடித்த குணம் அது. பிறகு ஜௌபர் தன் உம்மா கட்டிக்கொடுத்த இடியப்பப் பார்சலை ஜன்னல் வழியாக நீட்டினார். நான் தடுத்தேன். ஜன்னல் ஆபீஸ் காரியத்துக்கு மட்டும்தான், இன்று இடியப்பம் போனால் நாளைக்கு என்ன போகும் என்று கேட்டேன். பார்சல் அவர் கையிலேயே நின்றது. அங்கம்மா அதைப் பார்க்காதது போல மேமலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைதான் பார்த்தது. ஜௌபர் அன்று அவரும் சாப்பிடவில்லை. அவருக்குச் சோறு இறங்காமல் போனது அந்த நாளிலிருந்துதான் என்று நினைக்கிறேன். உங்கள் டாக்டர் குறித்துக்கொள்ளலாம்.

நான் கண்ணில்லாதவன் அல்ல. பிள்ளை மெலிவதைப் பார்த்தேன். முதலில் இறக்கிவிட்டால் நின்றது. பிறகு உட்கார்ந்தது. பிறகு அவள் இறக்கிவிடவே இல்லை. கால் இரண்டும் வீங்கி மினுமினுவென்று இருந்தது. அதற்குப் பிறகு அவள் பிள்ளையைக் கொண்டுவரவில்லை. "எந்திரிக்க மாட்டேங்குதுங்க" என்றாள். "தூங்கட்டும், பிள்ளைகளுக்குத் தூக்கம் நல்லது" என்றேன். பிள்ளையின் சிணுங்கல் இல்லாததால் பேச்சு இடையில் அறுபடாமல் இருந்தது என்பதையும் சொல்லிவிடவேண்டும். அந்த நாட்களில்தான் நாங்கள் நன்றாகப் பேசினோம். அவள் குரல் சற்றுத் தணிந்திருந்தது. நான்தான் அதிகம் பேசினேன். அப்பாவைப் பற்றி, தனிக் கிளாஸைப் பற்றி, யாரிடமும் சொல்லாததையெல்லாம் சொன்னேன். பலகையைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டாள். நடுநடுவே கண்ணை மூடிக்கொள்வாள். கவனமாகக் கேட்கிறாள் என்று நினைத்தேன்.

கவ்வாத்து வெட்டிய மலையில் புதுக்கொழுந்து தலைகாட்டியபோது, ஒரு மத்தியானம் கீழ் டிவிசனில் தப்புச் சத்தம் கேட்டது. பெரட்டுத் தப்பு இல்லை, சாவுத் தப்பு. யாரோ கிழவர் போலிருக்கிறது என்றேன். அந்த வருடம் தப்புக்கு ஓய்வு இருக்கவில்லை, ஆனால் அன்று அடித்தது கொஞ்ச நேரம்தான். சின்னப் பிள்ளைகளுக்கு அவ்வளவுதான் அடிப்பார்கள்.

மறுநாள் அங்கம்மா வரவில்லை.

நான் ஜன்னலைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தேன். வேறு இரண்டு பேர் வந்தார்கள், உடனே முடித்துக் கொடுத்து அனுப்பினேன், இடம் காலியாக இருக்கவேண்டும் என்று. அன்று நான் சுறாப்புட்டு செய்திருந்தேன். அவள் சொன்ன முறைதான். அதைச் சொல்வதற்கு ஆளில்லை. அடுத்த நாளும் வரவில்லை. எனக்கு மனக்கஷ்டமாகிவிட்டது. இவ்வளவு பழகிய பிறகு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பக்கூடாதா. வராமல் போனால் காரியம் முதலிலிருந்து தொடங்கவேண்டும் என்ற முறை அவளுக்குத் தெரியாதா. ஆனாலும் நான் முறையைப் பார்க்கவில்லை. லாச்சியைத் திறந்தேன். இரண்டு கூப்பனையும் எடுத்து, மையில் ஒரு தொடு, தாளில் ஒரு தட்டு, மறுபடி ஒரு தட்டு. கோட்டைப் போட்டுக்கொண்டு நானே கீழ் டிவிசனுக்கு இறங்கினேன். ஒரு பெரிய கிளாக்கர் கூப்பனைக் கையில் எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போவது இந்தத் தோட்டத்தின் சரித்திரத்தில் இல்லாத காரியம். வழியில் பார்த்தவர்கள் ஒதுங்கி நின்றார்கள். ஜௌபர் ஜன்னலுக்குள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

தம்பையா வீட்டு வாசலில் அவள் சாக்கில் உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் எழுந்தார்கள். அவள் எழவில்லை, எழ முடியவில்லை என்று தம்பையா சொன்னான். நான் கூப்பன்களை நீட்டினேன். வாங்கிப் பார்த்தாள். படிக்கத் தெரியாது, ஆனால் எது யாருடையது என்று அடையாளம் வைத்திருந்தாள். ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு மற்றதை என்னிடமே திருப்பி நீட்டினாள்.

"இத வெட்டிருங்க அய்யா. புள்ளைக்கு இனி வேணாம்."

நான் அந்தக் கூப்பனை வாங்கிப் பார்த்தேன். மை இன்னும் முழுக்கக் காயவில்லை. என் கட்டைவிரலில் கொஞ்சம் ஒட்டியிருந்தது. தம்பையாவின் பெண்சாதி உள்ளே எதையோ உருட்டினாள். அங்கம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அண்ணாந்து, ஜன்னலில் பார்ப்பது மாதிரியே. அந்தக் கேள்வியைக் கேட்பாள் என்று நான் நின்றேன். கொஞ்ச நேரம் நின்றேன். கேட்கவில்லை.

உங்கள் கமிட்டி கேட்கிற மன அழுத்தம் என்னுடைய இத்தனை வருடச் சேவையில் எனக்கு ஒரே ஒருதரம் வந்தது என்றால், அப்போதுதான்.

பேர் வெட்டுவதென்றால் உரியவர் ஆபீஸுக்கு வந்து சொல்லவேண்டும், தம்பி. லயத்து வாசலில் வைத்து வெட்டமுடியாது. அதுதான் முறை. ஆகவே நான் அவளிடம் சொன்னேன்.

"நாளைக்கு வா."

தம்பையா ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் அவன் கையைப் பிடித்தாள். நான் திரும்பி நடந்தேன். நாய்கூடக் குரைக்கவில்லை.

மறுநாள் நான் வழக்கத்தைவிட முந்தி ஆபீஸைத் திறந்தேன். ஜன்னல் பலகையைத் துடைத்தேன். அவள் வரவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டுபோய் ஹாலிஎலயில் ரயிலேற்றிவிட்டதாகவும், புருசன் வீட்டுச் சனம் எங்கோ நாவலப்பிட்டிப் பக்கம் இருப்பதாகவும் பிறகு சொன்னார்கள். போகிறவள் இந்த வழியாகத்தான் போயிருக்கவேண்டும், ரோடு இது ஒன்றுதான். நான் ஜன்னலில்தான் இருந்தேன். எப்படித் தவறவிட்டேன் என்று தெரியவில்லை.

அந்த மாதக் கடைசியில் ஜௌபர் வேலையை விட்டார். போகும்போது கைகொடுக்கவில்லை. "நானும் இங்கதானே இருந்தேன் ஐயா" என்று மட்டும் சொன்னார், என்னைத் திட்டுவது மாதிரியும் இல்லை, தன்னைத் திட்டுவது மாதிரியும் இல்லை. அவருக்கு வந்த நோய் அந்த ஒரு வாக்கியம்தான். அதற்கு மருந்து இல்லை. எனக்கு அந்த வாக்கியம் வருவதில்லை, அதனால் தூங்குகிறேன்.

நீங்கள் பென்சிலை வைத்துவிட்டீர்கள். எழுதிக்கொள்ளுங்கள், நான் மறைக்கிறவன் அல்ல. சீல் முதல் நாளிலிருந்தே லாச்சிக்குள் இருந்தது. மை ஈரமாகத்தான் இருந்தது. கூப்பனில் ஒரு பிழையும் கிடையாது. முதல் நாளே ஒரு தட்டுத் தட்டியிருந்தால் பிள்ளைக்கு அரிசி கிடைத்திருக்கும், பிள்ளை இருந்திருக்கும். ஆனால் அங்கம்மா இரண்டாம் நாள் வந்திருக்கமாட்டாள். இரண்டையும் நான் தினமும் காலையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கணக்குத் தெரிந்தவன்தானே நான். ஒவ்வொரு நாளும், இன்றைக்கு ஒருநாள்தானே என்றுதான் விடை வந்தது. இதைச் செய்தது துரையும் அல்ல, தட்டுப்பாடும் அல்ல, முறையும் அல்ல. நான்தான். அந்தப் பிள்ளைக்கு நான் ஒரு கெடுதலும் நினைத்ததில்லை. உண்மையைச் சொன்னால், அந்தப் பிள்ளையை நினைத்ததே இல்லை.

இராக்கம்மாவின் கூப்பன் இன்னும் லாச்சிக்குள் இருக்கிறது. வெட்டவில்லை. அங்கம்மா வந்து கேட்கவேண்டுமல்லவா. வருவாள். என்றைக்கும் நாளைக்கு என்றால் நாளைக்கு வந்தவள்தான் அவள்.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? பஸ் ஏற இன்னும் நேரமிருக்கிறது. ஆமாம், நீங்கள் இங்கே வந்து போனதற்கு நம் ஆபீஸ் சீல் வேண்டும். அது இல்லாமல் உங்கள் மேலிடம் பயணச் செலவு தராது, உங்கள் கையிலிருக்கிற துண்டுச் சீட்டில் அப்படித்தான் போட்டிருக்கிறது. சாவி இதோ இருக்கிறது. இத்தனை நேரம் இவ்வளவு பொறுமையாக என்னிடம் யாரும் பேசிக்கொண்டிருந்ததில்லை, தம்பி. நான் சாப்பிட்டேனா என்று மட்டும் நீங்கள் கேட்கவில்லை. பரவாயில்லை.

மை கொஞ்சம் காய்ந்திருக்கிறது போலிருக்கிறது. நாளைக்கு வாங்க. ஜன்னல் பக்கமாகவே வாங்க.